குடிநோயும் மனவிருளும்

திருச்சிற்றம்பலம்.



ஆனித் திங்கள் முழுமதியை ஒட்டி இக்காரைக்கால் நகரில் நிகழும் மாங்கனித் திருவிழாவிலே, பிச்சாடன மூர்த்தி வீதியுலா எழுந்தருளும்போது வீட்டு மாடிகளிலிருந்து அடியார்கள் மாங்கனிகளை வாரி இறைப்பதை ஆண்டுதோறும் கண்டு மகிழ்கின்றோம். அக்கனியைப் பற்றிக்கொள்ள முந்தானையை ஏந்தி நிற்கும் தாய்மார் சிலர் பிள்ளைப்பேறு வேண்டுவர். சிலர் நோய் நீங்க வேண்டுவர். வாய்விட்டுச் சொல்லாமல் நெஞ்சுக்குள்ளேயே வைத்திருக்கும் வேண்டுதல் ஒன்றும் அக்கூட்டத்தில் உண்டு. “என் கணவர் குடியை விடவேண்டும், என் மகன் குடியை விடவேண்டும்” என்பதே அது. அந்த வேண்டுதலை முன்வைத்தே இன்று நாம் பேசக் கருதுகின்றோம்.

மதுவின் தீமையை விரித்துரைப்பது நம் நோக்கமன்று. அதனை வள்ளுவப் பெருந்தகை கள்ளுண்ணாமை என்னும் அதிகாரத்தின் 10 குறட்பாக்களிலும், திருமூல நாயனார் திருமந்திரத்தின் முதல் தந்திரத்தில் அதே பெயருடைய பகுதியிலும் ஐயமறச் சொல்லி முடித்துள்ளனர். குடிப்பவரும் அத்தீமையை அறியாதவர் அல்லர். நம்மைவிட நன்கு அறிந்தவர். வினா வேறு. தீது என அறிந்த பின்னும் ஒருவர் ஏன் குடிக்கிறார்? பலர் குடித்தும் சிலர் மட்டும் மீளமாட்டாத அளவுக்கு அதில் ஏன் ஆழ்ந்துபோகின்றனர்? அவருடைய மனத்தில் நிகழ்வது யாது? இவற்றுக்கு விடை காணாமல் நாம் செய்யும் உதவிகள் பலவும் உபத்திரவமாகவே முடிந்துவிடுகின்றன.

கடையும் மனமும்

இப்பேச்சை எடுத்தவுடனே, “கடைகள் பெருகியதுதான் காரணம்” என்று கூறுவோர் உளர். அதில் உண்மை உண்டு. இவ்வூரின் வரலாறே அதற்குச் சான்றாகும். 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த இப்பகுதி, 1954 நவம்பர் முதல் நாள் இந்தியாவின் ஆட்சிக்குள் வரும் வரை அவர்களுடைய சட்டத்தின்கீழ் இருந்தது. சுற்றிலும் தஞ்சை மாவட்டம். 1937-இல் இராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948-இல் சென்னை மாகாணம் முழுமைக்கும் வந்தது. அப்போது எல்லைக்கு அப்பால் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை, இப்பால் தடையில்லை. தமிழ்நாட்டில் 1971-இல் மதுவிலக்கு விலக்கப்பட்டது. 1974-இல் மீண்டும் வந்தது. 1981-இல் மறுபடியும் விலகியது. 2003 முதல் சில்லறை விற்பனையையும் அரசு நிறுவனமாகிய டாஸ்மாக்கே நடத்தி வருகின்றது. இத்தனை மாற்றங்களுக்கு இடையிலும், வரி குறைவு, ஆகவே விலை குறைவு என்னும் பெயர் புதுவை மாநிலத்துக்கு நிலைத்துவிட்டது. கொரோனாத் தொற்றுக் காலத்தில், 2020 மே மாதம், சிறப்பு வரி விதித்துத் தமிழ்நாட்டு விலையோடு சமன் செய்தார்கள். 2021 ஏப்ரலில் அவ்வரி நீக்கப்பட்டது.

எளிதாகவும் மலிவாகவும் கிடைத்தால் குடி மிகும் என்பது உலக நாடுகள் பலவற்றில் கண்டறியப்பட்ட உண்மை. விலையை உயர்த்துவதையும் விற்கும் நேரத்தையும் இடத்தையும் குறைப்பதையும் உலக சுகாதார நிறுவனம் முதன்மையான வழிகளாகச் சொல்கின்றது. ஆகவே கடையைக் குறைக்க வேண்டும் என்று போராடுவோரை நாம் குறை கூறோம்.

ஆயினும் ஒரு வினா எஞ்சுகின்றது. ஒரே தெரு, ஒரே கடை, ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவர். ஒருவர் திருமண விருந்தில் சிறிது அருந்திவிட்டு ஆறு மாதம் அதனை நினையாமலே இருக்கின்றார். மற்றவரோ பொழுது விடிந்தவுடன் கை நடுங்கக் கடை வாசலில் நிற்கின்றார். கடை இருவருக்கும் பொதுவே அன்றோ? நடுவணரசின் சமூக நீதித் துறைக்காக அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகம் 2018-இல் நடத்தி 2019-இல் வெளியிட்ட கணக்கெடுப்பு இதனைத் தெளிவாக்குகின்றது. இந்நாட்டில் மது அருந்துவோர் ஏறத்தாழ 16 கோடிப் பேர். அவர்களுள் மதுவுக்கு அடிமையாகிவிட்டவர் ஏறத்தாழ 2.9 கோடிப் பேர். அருந்துவோர் ஐவர் அல்லது அறுவருள் ஒருவர் என்று கொள்ளலாம். அந்த ஒருவருடைய மனத்தில் மற்றவரிடம் இல்லாதது என்ன என்பதே நாம் ஆராய வேண்டுவது.

விதையும் நிலமும்

முதலாவது பிறப்பு. 1973-இல் குட்வின் என்னும் மருத்துவரும் அவர் குழுவினரும் டென்மார்க்கு நாட்டில் ஓர் ஆய்வு செய்தனர். குடிநோயுற்ற பெற்றோருக்குப் பிறந்து, கைக்குழந்தையாகவே வேறு குடும்பத்தாரால் தத்தெடுத்து வளர்க்கப்பட்ட ஆண்மக்களை எடுத்துக்கொண்டனர். பெற்றவரின் குடியை அவர்கள் கண்ணால் கண்டதில்லை. அவ்வாறிருந்தும், மற்றத் தத்துப்பிள்ளைகளைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு மிகுதியாக அவர்கள் குடிநோய்க்கு ஆளாகியிருந்தனர். பின்னர் இரட்டைப் பிள்ளைகளிடம் செய்த பல ஆய்வுகளும், இந்நோய்க்கு ஆளாகும் தன்மையில் ஏறத்தாழப் பாதி பிறப்பு வழியே வருவது என்று காட்டின. ஆனால் இதனைத் தலைவிதி என்று எண்ணிவிடக் கூடாது. டென்மார்க்கு நாட்டில் குடிநோயாளிக்குப் பிறந்த பிள்ளைகளுள்ளும் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர் குடிநோய்க்கு ஆளாகவில்லை. விதை ஒன்று இருக்கலாம். அது முளைப்பதற்கு நிலமும் நீரும் வேண்டும்.

அந்த நிலம் இளமைப் பருவம். 1998-இல் அமெரிக்க மருத்துவர்களாகிய பெலிட்டியும் ஆண்டாவும் வெளியிட்ட பேராய்வு ஒன்று, குழந்தைப் பருவத்தில் ஏற்படும் துன்பங்களை வகைப்படுத்திக் கணக்கிட்டது. அடி உதை, இழிசொல், தாய் அடிபடுவதைக் காணுதல், வீட்டில் குடிகாரரோ மனநோயுற்றவரோ இருத்தல் போன்றவை அவ்வகைகள். நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைத் துன்பங்களைப் பட்டவர்கள், எதுவும் படாதவர்களைவிடப் பன்மடங்கு மிகுதியாகப் பிற்காலத்தில் குடிக்கும் மனச்சோர்வுக்கும் தற்கொலை முயற்சிக்கும் ஆளாகியிருந்தனர். தந்தை குடித்துவிட்டு வந்து தாயை அடிக்கும்போது பாயின் மூலையில் விழித்தபடி கிடக்கும் பிள்ளை, “நான் ஒருநாளும் குடியேன்” என்று உறுதி பூணுகின்றது. அந்த உறுதி பொய்யன்று. ஆனால் அதே இரவுகளில் அதன் நெஞ்சில் ஓயாத ஓர் அச்சமும் குடிபுகுகின்றது. இருபது வயதில் முதன்முதலாக ஒரு குவளை உள்ளே சென்றதும் அந்த அச்சம் சற்று அடங்குகின்றது. வாழ்நாளில் முதன்முறையாக அடங்குகின்றது! மற்றவருக்கு அது வெறும் களிப்பு; இவருக்கு அதுவே மருந்தாகத் தோன்றிவிடுகின்றது. இங்கேதான் இருவருடைய வழிகளும் பிரிகின்றன.

கடன் வாங்கிய அமைதி

அன்பர்களே, குடிநோயாளி இன்பத்துக்காகக் குடிக்கிறார் என்று நாம் எண்ணுகிறோம். தொடக்கத்தில் அது இருக்கலாம். நாளடைவில் அவர் குடிப்பது துன்பம் தணிவதற்காகவே.

இம்மண்ணின் வாழ்வையே எடுத்துக்கொள்வோம். பட்டினச்சேரியிலிருந்து மண்டபத்தூர் வரை நம் கடற்கரை மீனவர்கள் அலையின் மேலும் குளிரிலும் இரவைக் கழிப்பவர்கள். உடல் வலி உண்டு, கடலச்சம் உண்டு, அதனை வெளியே சொல்லுதல் ஆண்மைக்கு அழகன்று என்னும் வழக்கமும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். அந்நாட்களில் கையில் வேலையும் இல்லை. மனத்துக்குப் பிடிப்பும் இல்லை. உள்ளே திருநள்ளாறு, நெடுங்காடு பக்கம் சென்றால் காவிரியின் கடைமடை. மேட்டூர் திறந்து நீர் வந்து சேருமா, சேருமுன் கடன் எவ்வளவு ஏறும் என்னும் கவலை. இவற்றுக்கெல்லாம் மேலாக, 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை காரைக்கால் பகுதியில் மட்டும் நானூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றது. கையிலிருந்த பிள்ளையை அலை பறித்துச்செல்லக் கண்ட தந்தை அழுவதற்கு நம் ஊரில் இடம் ஏது? பெண்கள் கூடி ஒப்பாரி வைத்தனர். ஆண்களுக்கு அந்த வடிகாலும் இல்லை. சொல்லமாட்டாத துயரத்தை அடக்கச் சிலர் கண்ட வழி குவளை.

மதுவுக்கு அந்த ஆற்றல் சிறிது நேரம் உண்டு என்பதை மறுப்பதில் பயனில்லை. மூளையில் அமைதிப்படுத்தும் பொருளொன்று இயல்பாகவே உண்டு. மது அதன் வேலையை மிகுவிக்கின்றது. கிளர்ச்சி தரும் பொருளின் வேலையைக் குறைக்கின்றது. ஆகவே நடுக்கம் தணிகின்றது, கவலை மங்குகின்றது. ஆனால் மூளை தன்னைச் சமன் செய்துகொள்ளும் இயல்புடையது. நாள்தோறும் வெளியிலிருந்து அமைதி வந்துகொண்டிருந்தால், அது தன் சொந்த அமைதியைக் குறைத்துக்கொள்ளும், கிளர்ச்சியை ஏற்றிக்கொள்ளும். அதனால் நேற்றைய அளவு இன்று போதவில்லை. மது இறங்கும் நேரத்தில், முன்பிருந்ததைவிடப் பெரிய அச்சமும் படபடப்பும் தலைதூக்குகின்றன. உறக்கமும் அவ்வாறே. குடித்தவர் விரைவில் உறங்கிவிடுகின்றார். பின்னிரவில் விழித்துக்கொண்டு புரள்கின்றார்.

இது கந்துவட்டிக்காரனிடம் வாங்கிய கடன் போன்றது. மாலையில் அமைதி கைக்கு வருகின்றது. காலையில் வட்டியோடு கவலை வாசலில் நிற்கின்றது. அந்த வட்டியைக் கட்டுவதற்கே மீண்டும் கடன். கவலைக்காகக் குடித்தவர் குடியினால் விளைந்த கவலைக்காகக் குடிக்கத் தொடங்குகின்றார். முதற்கடன் எதற்காக வாங்கினோம் என்பதே அவருக்கு மறந்துபோகின்றது.

நினைவு இழுக்கும் கயிறு

அடுத்தது பழக்கத்தின் வன்மை. மணியோசை கேட்டவுடன் உணவின் நினைவால் நாயின் வாயில் நீர் ஊறும்படி பழக்கலாம் என்பதை உருசிய அறிஞர் பாவ்லோவின் ஆய்வு வழியே பலரும் அறிவர். மனித மனமும் அவ்வாறே பழகுகின்றது. மாலை ஆறு மணி, கூலி வாங்கிய நாள், குறிப்பிட்ட ஒரு தெருமுனை, உடன் குடிப்பவரின் குரல், வறுத்த மீனின் மணம் ஆகிய ஒவ்வொன்றும் மணியோசை ஆகிவிடுகின்றது. அவர் எண்ணித் துணியும் முன்னரே கால் நடக்கத் தொடங்கிவிடுகின்றது.

எதிர்பார்ப்புக்கும் பேராற்றல் உண்டு. 1973-இல் மார்லட் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் ஒரு சோதனை செய்தார். சுவை பார்த்துச் சொல்லுங்கள் என்று கூறிக் குடிநோயாளிகளிடமும் மற்றவர்களிடமும் பானங்கள் தரப்பட்டன. மது கலந்தது என்று நம்பியவர்கள், அதில் மது இல்லாதபோதும் மிகுதியாகப் பருகினர். மது இல்லை என்று நம்பியவர்கள், அதில் மது இருந்தபோதும் குறைவாகவே பருகினர். ‘ஒரு வாய் உள்ளே போனால் என்னால் நிறுத்த இயலாது’ என்று நாம் கேட்கும் சொல்லில் பெரும் பங்கு நாவினுடையதன்று, எண்ணத்தினுடையது என்பதை இது காட்டிற்று.

சூழலின் வன்மைக்கு மற்றொரு சான்று. வியட்நாம் போரிலே அமெரிக்க வீரர்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஹெராயின் என்னும் கொடிய போதைக்கு அடிமையாகியிருந்தனர். அவர்கள் ஊர் திரும்பிய பின்னர் லீ ராபின்ஸ் என்னும் அம்மையார் தொடர்ந்து ஆராய்ந்தார். போர்க்களத்தில் அடிமையாக இருந்தவர்களுள், முதல் ஆண்டில் மீண்டும் அந்நிலைக்கு ஆளானவர் நூற்றுக்கு ஐவர் அளவே! போரின் அச்சமும் அந்த இடமும் அந்தத் தோழமையும் நீங்கியதும் கயிறு அறுந்தது.

நம் நாட்டிலும் இதனை நாம் கண்ணாரக் காண்கின்றோம். ஐயப்பனுக்கு மாலையணிந்தவர், நாள்தோறும் குடித்தவராயினும், விரத நாட்கள் முடியும் வரை குடியைத் தொடாதிருக்கின்றார். எப்படி இயலுகின்றது? கழுத்தில் மாலை, காலையில் நீராட்டு, மாலையில் பூசைக்கூட்டம், உடன் இருப்போர் அவரைச் சாமி என்றே அழைக்கின்றனர். அவருடைய நேரமும் இடமும் தோழமையும் பெயருங்கூட மாறிவிடுகின்றன. மாலையைக் கழற்றிய மறுநாள் அவை யாவும் ஒரே நேரத்தில் அவரைவிட்டு விலகுகின்றன. பழைய தெருமுனை மட்டும் அங்கேயே காத்திருக்கின்றது. அவர் வீழ்ந்தால், “பார்த்தீர்களா, எல்லாம் வேடம்” என்கின்றோம். அவர் மன உறுதியற்றவர் அல்லர் என்பதை அத்தனை நாட்களும் காட்டிவிட்டார். அந்நாட்களில் அவரைத் தாங்கிய கைகள் பின்னர் எங்கே போயின என்பதே கேட்கத் தக்க வினா.

தன்னையும் காட்டாத இருள்

இனி, நாம் கூற வந்த பொருளின் நடுவிடத்துக்கு வருகின்றோம். உமாபதி சிவாசாரியார் அருளிய திருவருட்பயன் என்னும் சாத்திர நூலில் ஆணவ மலத்தை விளக்கும் இடம் ஒன்றுண்டு. உலகத்து இருள் மற்றப் பொருள்களை மறைக்கும். ஆயினும் ‘இதோ இருள்’ என்று தன்னைக் காட்டிக்கொள்ளும். ஆணவ இருளோ மற்றவற்றையும் மறைத்துத் தன்னையும் மறைத்துக்கொள்ளும் என்பது அங்கே பெறப்படும் கருத்து. இது உயிரின் மலத்தைப் பற்றிய பேச்சு; குடிநோயைப் பற்றியதன்று. ஆயினும் குடிநோயாளியின் மனத்தை அறிய இதைவிடப் பொருத்தமான உவமை நமக்குக் கிட்டுவதில்லை.

காலில் புண் வந்தவர் தமக்குப் புண் என்று அறிவார். காய்ச்சல் வந்தவர் தமக்குக் காய்ச்சல் என்று சொல்வார். குடிநோய் வந்தவர் மட்டுமே, “எனக்கு ஒன்றும் இல்லை, நினைத்தால் நாளைக்கே விட்டுவிடுவேன்” என்று சொல்கின்றார். அவர் பொய் சொல்கின்றார் என்று வீட்டார் சினக்கின்றனர். பெரும்பாலும் அவர் முதலில் ஏமாற்றுவது தம்மையே. நோய் தன்னைக் காட்டாமல் மறைத்துக்கொண்டு, “வேலைக் களைப்பு”, “மனைவியின் வாய்”, “நண்பர் வற்புறுத்தல்” என்று வேறு வேறு முகங்களைக் காட்டுகின்றது.

அந்த மறைப்புக்கு உணவூட்டுவது வெட்கம். வெட்கப்படுத்தினால் திருந்துவார் என்பது நம் ஊரின் பழைய நம்பிக்கை. உளவியலார் கண்டது வேறு. முன்னர்ச் சொன்ன மார்லட் அவர்களே, குடியை விட்டவர் மீண்டும் வீழும் விதத்தையும் ஆராய்ந்தார். சிலநாள் விட்டிருந்த ஒருவர் ஒருநாள் தவறி அருந்திவிடுகின்றார். “ஒருநாள் தவறினேன், நாளை விழிப்பாயிருப்பேன்” என்று எண்ணுபவர் எழுந்துவிடுகின்றார். “நான் எதற்கும் உதவாதவன், என் விரதம் கெட்டது, இனி என்ன இருக்கின்றது” என்று எண்ணுபவர் அந்த இழிவுணர்ச்சியைத் தாங்கமாட்டாமல் முழுவதுமாக மூழ்கிவிடுகின்றார். அவரை மூழ்கடிப்பதில் முதல் குவளையைவிட அவ்விழிவுணர்ச்சிக்கே பங்கு மிகுதி. ஆகவே நடுத்தெருவில் நிறுத்தி ஏசுகின்ற ஏச்சும், பிள்ளைகள் முன்னே சொல்லுகின்ற இழிசொல்லும், அவருக்கு மற்றொரு குவளையை நாமே ஊற்றிக்கொடுத்ததற்கு ஒப்பாகும்.

குடும்பத்தாரும் இந்த மறைப்பில் பங்கு கொள்கின்றனர். வேலைக்குச் செல்லாத நாளில், “அவருக்கு வயிற்றுவலி” என்று மனைவி சொல்லியனுப்புகின்றார். முகத்தில் பட்ட காயத்தை, “வழுக்கி விழுந்தேன்” என்கின்றார். மானத்தைக் காக்கவே அவ்வாறு செய்கின்றார். அவரைக் குறை கூறல் ஆகாது. ஆயினும் பல ஆண்டுகள் அந்த மானம் காக்கப்பட்டதன் விலை, மருத்துவம் பல ஆண்டுகள் தள்ளிப்போனது. மேற்சொன்ன கணக்கெடுப்பு கூறும் செய்தியும் இதுவே: மதுவுக்கு அடிமையானோர் 38 பேருள் ஒருவரே எவ்வகையான சிகிச்சையேனும் பெற்றவர். மற்ற 37 பேரும் வீட்டுச் சுவர்களுக்குள்ளே மறைந்திருக்கின்றனர்.

இவ்விடத்தில் நம் அம்மையாரை நினைவுகூர்வோம். இரண்டாவது மாங்கனியின் சுவை வேறுபட்டதைக் கண்டு கணவர் வினவியபோது, இறைவன் திருவருளை வெளியிடுதல் தகாதோ என்று அம்மையார் முதலில் தயங்கினார். பின்னர்க் கணவரிடம் மெய்யை மறைத்தல் கற்பன்று என்று தெளிந்து, உள்ளதை உள்ளபடியே உரைத்தார் என்று சேக்கிழார் பெருமான் காட்டுகின்றார். அவ்வுண்மையைக் கேட்ட பரமதத்தனோ அஞ்சிக் கடல் கடந்தான். உண்மையைச் சொல்ல ஒருவருக்குத் துணிவு வேண்டும். அதனைக் கேட்டுவிட்டு ஓடாமல் நிற்க மற்றொருவருக்கும் துணிவு வேண்டும். குடிநோயாளியின் வீட்டில் இவ்விரண்டும் தேவை.

நாம் செய்யத் தக்கன

செய்யத் தகாதவற்றை முதற்கண் சொல்லிவிடுவோம். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவரை ஓர் அறையில் பூட்டி வைத்து ஒரே நாளில் நிறுத்திவிட முயலுதல் ஆபத்தானது. நிறுத்திய முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். அடுத்த நாட்களில் அறிவு தடுமாறி, இல்லாதவற்றைக் காணும் சன்னி நிலை வரலாம். உயிருக்கே இடர் நேரலாம். 2020 மார்ச்சில் ஊரடங்கினால் மதுக்கடைகள் திடீரென மூடப்பட்டபோது, நாட்டின் பல பகுதிகளில் இத்தகையோர் மருத்துவமனைகளை நாடவேண்டியதாயிற்று. மருத்துவர் மேற்பார்வையில், உரிய மருந்தும் தயமின் என்னும் உயிர்ச்சத்தும் தந்து நிறுத்தினால் இவ்விடர் பெரிதும் குறையும். அவ்வாறே, அவருக்குத் தெரியாமல் காப்பியிலும் குழம்பிலும் மருந்து கலந்து கொடுத்தலும் தகாது. குடித்தால் உடல் வெறுக்கும்படி செய்யும் மருந்தை அறியாமல் உட்கொண்டவர் அதன்மேல் மது அருந்தினால் உயிராபத்து உண்டாகலாம். மேலும், மறைப்பினால் வளர்ந்த நோயை மற்றொரு மறைப்பினால் தீர்க்க இயலுமோ?

செய்யத் தக்கது, போதையில் இல்லாத நேரம் பார்த்து, தனிமையில், சினமின்றிப் பேசுதல். “நீ குடிகாரன்” என்று தொடங்காமல், “இரவில் உனக்கு உறக்கம் இல்லையே, என்ன கவலை?” என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லத் தொடங்கினால் இடைமறியாது கேளுங்கள். குடியின் அடியில் மனச்சோர்வோ, அச்சநோயோ, ஆறாத துயரமோ இருக்குமாயின், அதற்கும் சேர்த்தே மருத்துவம் செய்ய வேண்டும். காரைக்கால் அரசுப் பொது மருத்துவமனையை அணுகலாம். போதைப் பழக்கத்திலிருந்து மீள்வோருக்காக நடுவணரசின் 14446 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணும், மனநல உதவிக்காக 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலிமானஸ் என்னும் திட்டத்தின் 14416 என்னும் எண்ணும் உள்ளன. அடியும் அச்சமும் மிகுந்த வீட்டில், தாய்மாரும் குழந்தைகளும் முதலில் தங்கள் பாதுகாப்பைத் தேடிக்கொள்ளுதல் பாவமன்று, கடமையேயாகும். பொறுமை என்பது உயிரைப் பணயம் வைத்தலன்று.

மீண்டவர் மீளாதவருக்குத் துணையாதல் மிகப் பெரிய மருந்து. 1935-இல் அமெரிக்க நாட்டிலே ஆக்ரன் நகரில், குடிநோயினால் நலிந்த இருவர் சந்தித்து ஒருவருக்கொருவர் தம் துன்பத்தை மறையாமல் சொல்லிக்கொண்டனர். ஒருவர் பில் வில்சன் என்னும் பங்குச்சந்தைத் தொழிலர். மற்றவர் பாப் ஸ்மித் என்னும் மருத்துவர். அந்தச் சந்திப்பிலிருந்து பிறந்ததே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் தோழமைக் கூட்டம். அங்கே கட்டணம் இல்லை, ஏச்சு இல்லை. ஒருவர் எழுந்து நின்று, “நான் குடிநோயாளி” என்று தம் வாயாற் சொல்லும் அந்தக் கணத்தில், தன்னைக் காட்டாத இருள் தன்னைக் காட்டிவிடுகின்றது. சென்னையில் 1980-இல் சாந்தி ரங்கநாதன் அம்மையார், குடிநோயினால் தம் கணவரை இழந்த துயரத்தையே முதலாகக் கொண்டு டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். நோயாளியோடு அவர்தம் குடும்பத்தாரையும் அமர்த்தி ஆற்றுப்படுத்துவது அங்குள்ள முறை. அந்த அம்மையார் தம் வீட்டுத் துயரத்தை மறைத்துக்கொண்டிருந்தால், எத்தனையோ வீடுகளில் விளக்கு எரிந்திராது.

கோயிலைச் சார்ந்த நமக்கும் பணி உண்டு. சத்தியம் செய்து கயிறு கட்டிக்கொள்ள வருபவரை மருத்துவரிடமும் அனுப்பி வைப்போம். கட்டிய கயிற்றை அறுத்துவிட்டு மீண்டும் குடித்தவர், வெட்கத்தினால் கோயில் வாசலை மிதிக்கவும் அஞ்சுவார். அவரை இன்னார் என்று சுட்டாமல், “வாருங்கள்” என்று அழைப்பதற்கு ஒருவரேனும் வேண்டும். மாலை ஆறு மணி அவருக்கு அபாயமான நேரம் என்று கண்டோம் அன்றோ? அந்நேரத்தில் உழவாரப் பணி, திருமுறை ஓதல், திருவிளக்கிடல் என ஏதேனும் ஒரு வேலையை அவர் கையில் கொடுப்போம். மாலையணிந்த நாட்களில் கிடைத்த தோழமை, மாலை கழற்றிய பின்னும் அவருக்குக் கிடைக்கட்டும். ஒருமுறை தவறினால் இரண்டாம் முறை. இரண்டாம் முறை தவறினால் மூன்றாம் முறை. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் போல இதுவும் நெடுநாள் பேணவேண்டிய நோய் என்று மருத்துவம் சொல்கின்றது. மீண்டும் சர்க்கரை ஏறிவிட்டது என்பதற்காக நீரிழிவுக்காரரை யாரும் தெருவில் நிறுத்தி ஏசுவதில்லை.

தாய்மார்களே! மாங்கனி வேண்டி முந்தானையை ஏந்தும்போது உங்கள் நெஞ்சிலுள்ள அந்த வேண்டுதலை அம்மையார் அறிவார். இறைவனிடம் அதனைச் சொல்லிய வாய், நம்பத்தகுந்த ஒரு மனிதரிடமும், ஒரு மருத்துவரிடமும் சொல்லத் தயங்க வேண்டா. ஆடவர்களே! துயரத்தை வாய்விட்டுச் சொல்லுதல் ஆண்மைக் குறைவன்று. கடலில் இழந்தவரை நினைத்து ஒருநாள் அழுதுவிடுதல், ஆயுள் முழுதும் குவளைக்குள் அழுவதினும் மேலானது. இளைஞர்களே! உங்கள் வீட்டில் அவ்விதை இருக்குமாயின், முதல் குவளையைத் தள்ளிவைப்பதே உங்களுக்கு எளிது. பத்தாவது குவளையைத் தள்ளுவது அரிது.

இருளை அடித்து விரட்டியவர் எவரும் இலர். விளக்கைக் கொண்டுவந்தால் அது தானே நீங்கும். நம் வீடுகளில் மறைந்திருக்கும் இந்நோயை அன்பென்னும் விளக்கின் முன்னே கொண்டுவருவோமாக. அதற்குரிய துணிவை எல்லாம் வல்ல சிவபெருமானும், அம்மையே என்று அவனால் அழைக்கப்பெற்ற நம் அன்னையும் அருள்வார்களாக என்று வேண்டி அமைகின்றோம்.

திருச்சிற்றம்பலம்.